நம்ம மலைக்கு எந்த பிரேம்?

"இந்தத் தகட்டுக்கா ஒன்பதாயிரம்?"

பார்சலைப் பிரிச்சு இஸ்தோப்புல பரப்பி வச்சிருந்தேன். கருப்பா அஞ்சாறு கார்பன் தகடு, ஒரு பொட்டலம் ஸ்க்ரூ, விரல் நீளத்துக்கு எட்டு அலுமினியக் குச்சி. அவ்வளவுதான். அம்மா கொழுந்துக் கூடையை இறக்கி வச்சுட்டு ஒரு தகட்டை எடுத்து வளைச்சுப் பார்த்தாங்க. அது வளையல.

அப்போ அம்மாவுக்கு ஒரு பேருக்கு ஆயிரம் ரூபா. தோட்டத்துல பிறக்காத ஆட்களுக்குச் சொல்றேன்: 'பேர்'னா எங்க ஊர்ல ஆள் எண்ணிக்கை இல்ல, ஒரு முழுநாள் வேலை. கொழுந்து நிறை குறைஞ்சா அரைப் பேர்தான் போடுவாங்க. அப்போ அந்தத் தகடு ஒன்பது பேர். ஒன்பது நாள் மலை ஏறி, அட்டைக் கடி வாங்கி, நிறுவைக்குப் போய் நின்ன கணக்கு. காசு நான் பண்டாரவளையில போன் ரிப்பேர் கடையில வேலை செஞ்சு சேர்த்ததுதான். ஆனா எங்க வீட்டுல எந்த விலையையும் பேர்லதான் எண்ணுவோம்.

அந்த ஒன்பது பேரை நான் எப்படி வீணாக்கினேன், அடுத்த பிரேமை எதை யோசிச்சு வாங்கினேன்ங்கிறதுதான் இந்தக் கட்டுரை. ட்ரோன் கட்டுற ஆசை இருக்கிற மலைநாட்டுப் பசங்க யாராவது இதைப் படிச்சா, என்னோட முதல் பிழையையாவது தவிர்க்கலாம்.

ஆசை எங்கிருந்து வந்துச்சுன்னா, வெட்கமில்லாம சொல்றேன், அஜித்தால. சென்னை எம்.ஐ.டி. மாணவர்களோட தக்‌ஷா குழு 2018இல அவுஸ்திரேலியாவுல நடந்த மெடிக்கல் எக்ஸ்பிரஸ் போட்டியில ரெண்டாம் இடம் வந்தப்போ, அந்தக் குழுவுக்கு ஆலோசகரா இருந்தவர் அவர்தான். எங்க லயத்துல அந்தச் செய்தியைப் பகிராத ஆள் இல்ல. எல்லாரும் தலயைப் பார்த்தாங்க, நான் அந்தப் படத்துல மேசை மேல கிடந்த சாமானைப் பார்த்தேன்.

எஃப்.பி.வி. ட்ரோன்னா கண்ணுக்குக் கண்ணாடி மாட்டி, ட்ரோன்ல இருக்கிற கெமரா பார்க்கிறதை அப்படியே நேரடியாப் பார்த்துக்கிட்டு ஓட்டுறது. கடையில வாங்குற ட்ரோன் மாதிரி கையை எடுத்தா தானா நிக்காது. பெரும்பாலும் நாமளே கட்டணும், உடைஞ்சா நாமளே பிரிக்கணும். போன் போர்டுல பற்றவச்சுப் பழகின கைக்கு வயரிங் பெரிய விஷயமா தெரியல. பிரேம்தான் குழப்பினது. மோட்டர் என்ன அளவு, விசிறி என்ன அளவு, பெட்டரி எத்தனை செல், போர்டு எந்தத் துளைக்குப் பொருந்தும், எல்லாத்தையும் பிரேம்தான் முடிவு பண்ணுது. வீட்டுக்கு அத்திவாரம் மாதிரி. நான் அத்திவாரத்தை யூடியூப் பார்த்துப் போட்டேன்.

யூடியூப்ல எல்லாரும் அஞ்சு அங்குல பிரேம். அஞ்சு அங்குலம்னா விசிறியோட விட்டம், பிரேமோட அளவு இல்ல. ஒரு மூலை மோட்டர்ல இருந்து எதிர் மூலை மோட்டர் வரைக்கும் சுமார் 220 மி.மீ. வரும். மார்க் 4னு ஒரு வடிவம் உலகம் பூரா மலிவா கிடைக்குது, அதுல ஒண்ணை எடுத்தேன். கை அஞ்சு மி.மீ. தடிப்பு, போர்டுக்கு 30.5 மி.மீ. துளை, மோட்டருக்கு 16 மி.மீ. துளை. எல்லாம் நியமமான அளவு, எந்தக் கடை சாமானும் பொருந்தும். பிரேம்ல குறை சொல்ல ஒண்ணும் இல்ல. குறை என்கிட்ட.

முதல் குறை: கார்பன் மின்சாரம் கடத்தும்னு எனக்குத் தெரியும், ஆனா கை மறந்துடுச்சு. போர்டோட ஒரு மூலை தகட்டை லேசா உரசிக்கிட்டு இருந்திருக்கு. பெட்டரியைச் சொருகினேன், 'டப்'புனு ஒரு சத்தம், காம்பரா பூரா புகை. தம்பி வெளிய ஓடிட்டான். அந்த போர்டுக்கு இன்னொரு பன்னிரண்டு பேர் போச்சு. பிறகுதான் ஒரு வேலை பழகினேன்: முதல் தடவை மின்சாரம் கொடுக்கும்போது நடுவுல த்ரீவீலர் பிரேக் பல்பு ஒண்ணைத் தொடரா மாட்டிக்கணும், 12 வோல்ட் 21 வாட். எங்கயாவது உரசல் இருந்தா பல்பு பளிச்சுனு எரியும், போர்டு தப்பிக்கும். எல்லாம் சரின்னா ஒரு தடவை மின்னிட்டு அணைஞ்சுடும். பல்பு எந்த ஸ்பெயார் பாட்ஸ் கடையிலயும் கிடைக்கும். இதுக்கு 'புகை நிறுத்தி'னு பேர் வச்சு வெளிநாட்டுல தனியா விக்கிறாங்க.

ரெண்டாவது குறை பெருசு. நான் எந்த ஊர்ல பறக்கவிடப் போறேன்னு யோசிக்கவே இல்ல.

ஹல்துமுல்லையைத் தெரியாதவங்களுக்கு: கொழும்பு - மட்டக்களப்பு வீதியில பலாங்கொடை தாண்டி ஏறி வந்தா, பெரகலைச் சந்திக்கு முன்னாடி வர்ற ஊர். முதுகுக்குப் பின்னால செங்குத்தா மலை. முகத்துக்கு முன்னால தெற்கே சமவெளி, மறைக்கிறதுக்கு ஒண்ணுமே இல்ல. ஜூன்ல இருந்து செப்டம்பர் வரைக்கும் கச்சான் காத்து அடிக்கிற அடி இருக்கே, ஊவாத் தேயிலைக்கு அந்த மணம் வர்றதே அந்த மாசத்துக் காய்ஞ்ச காத்தாலதான்னு சொல்லுவாங்க. தேயிலைக்கு நல்லது. தகரக் கூரைக்கும் ட்ரோனுக்கும் நல்லதில்ல. காத்து மேல இருந்து தட்டையா வந்தாக்கூட சமாளிக்கலாம். மலை விளிம்பைத் தாண்டி மறுபக்கம் இறங்கும்போது சுழண்டு கீழ அமுக்குது. கண்ணாடிக்குள்ள பார்த்தா நீங்க நேரா போய்க்கிட்டு இருக்கீங்க, திடீர்னு தேயிலைச் செடி மேல நோக்கி வருது.

அஞ்சு அங்குலம் அந்தக் காத்தை ஓரளவு தாங்கும். பெட்டரியோட 650 கிராம், அதுக்கேத்த மோட்டர் பலம். ஆனா அந்த 650 கிராம்தான் அடுத்த சிக்கல்.

இலங்கையில சிவில் விமான சேவைகள் அதிகாரசபை ட்ரோன்களை எடை வச்சுப் பிரிச்சிருக்கு: 25 கிலோவுக்கு மேல ஒரு பிரிவு, ஒரு கிலோவுல இருந்து 25 கிலோ வரைக்கும் ஒண்ணு, 200 கிராம்ல இருந்து ஒரு கிலோ வரைக்கும் ஒண்ணு, அதுக்குக் கீழ கடைசி. யூடியூப்ல வர்றவங்க எல்லாம் '249 கிராம், 249 கிராம்'னு சொல்றது அமெரிக்காவை வச்சு, இந்தியாவுலயும் நேனோ பிரிவு 250 கிராம்தான். நமக்குக் கோடு 200. இந்த ஐம்பது கிராம் வித்தியாசத்தை யாரும் சொல்லித் தரமாட்டாங்க. 2019 ஏப்ரல் குண்டுவெடிப்புக்குப் பிறகு நாடு பூரா ட்ரோனுக்குத் தடை போட்டது ஞாபகம் இருக்கும். நம்ம பெயரோட, நம்ம அடையாள அட்டையோட, தோட்டத்துல ஒரு பையன் கருப்பா ஒண்ணைப் பறக்கவிட்டா, கேள்வி முதல்ல சட்டத்தைப் பத்தி வராது. அதனால எழுத்துல எல்லாம் சரியா இருக்கணும். 650 கிராம் சாமானுக்குப் பதிவு, அனுமதினு அலையணும். செய்யலாம், செய்யக்கூடாதுன்னு சொல்லல. ஆனா அதுக்கும் கொழும்புக்கு ரெண்டு நாள் லீவு, பஸ் காசு, மறுபடி பேர் கணக்கு.

அந்த அஞ்சு அங்குலம் மூணாவது தடவை பறக்கும்போது டர்பன்டைன் மரத்துல மோதி முன் கை ரெண்டும் போச்சு. அப்படியே அரிசிப் பெட்டிக்கு மேல தூக்கி வச்சேன்.

இனி சொல்றது வேற கதை.

என்னோட ஒண்ணா படிச்சவன் ஒருத்தன் இருக்கான். மீரியபெத்தை. 2014 ஒக்டோபர் 29, தீபாவளி முடிஞ்சு சரியா ஒரு வாரம், காலையில மலை இறங்கி லயங்களை மூடினப்போ அவன் பள்ளிக்கூடத்துக்குப் புறப்பட்டு வந்துட்டான். அன்னைக்குத் தப்பின பிள்ளைகள்ல நிறையப் பேர் அப்படித்தான். கொஸ்லாந்தைப் பக்கம்தான், எங்க பிரதேச செயலகப் பிரிவேதான் அதுவும். மலை ஆபத்துன்னு 2005லயும் 2011லயும் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் சொல்லியிருந்தது பிறகு பேப்பர்ல எல்லாம் வந்துச்சு. சொன்னாங்க, ஆனா சனம் போறதுக்கு இடம் இல்ல. எங்க லயத்துக்கு மேலயும் பல வருசத்துக்கு முன்னாடி வந்து பார்த்துட்டு ஆபத்துன்னு எழுதிட்டுப் போனாங்க. நாங்க இன்னும் அங்கதான் இருக்கோம்.

அவன் ஒரு நாள் வீட்டுக்கு வந்தப்போ அரிசிப் பெட்டி மேல இருந்ததைப் பார்த்தான்.

"இதால மேல போய்ப் பார்க்கலாமாடா?"

"எங்க மேல?"

"உங்க லயத்துக்கு மேலதான். கான் எல்லாம் எப்படி இருக்குன்னு."

நான் அதுவரைக்கும் யோசிச்சதே இல்ல. ட்ரோன்னா சுத்தி அடிக்கிறது, தியலும அருவியில இருந்து குதிக்கிற மாதிரி வீடியோ எடுக்கிறது. அவனுக்கு மண்தான் கண்ணுல தெரியுது.

எங்க லயத்துக்கு மேல ஒரு பழைய மலை இருக்கு. கைவிட்டு வருசமாச்சு, தேயிலை ஆள் உயரத்துக்கு மரமா வளர்ந்து, மாணாப் புல் மூடி, உள்ள கால் வைக்க முடியாது. வெள்ளைக்காரன் காலத்துல வெட்டின கான்கள் அதுக்குள்ள எங்கயோ இருக்கு. மழைத் தண்ணியை ஒதுக்கி விடுறதுக்குத்தான் அந்தக் கான். அது அடைபட்டா தண்ணி மண்ணுக்குள்ள இறங்கும். மலை கனக்கும். இதெல்லாம் எங்க தாத்தாமாருக்குத் தெரிஞ்ச விஷயம்தான். திடீர்னு புது ஊற்று வந்தா, ஊற்றுத் தண்ணி கலங்கினா, கதவு நிலையில இறுகினா, நிலத்துல வெடிப்பு வந்தா வெளிய போயிடணும்னு எல்லாரும் சொல்லுவாங்க. மேல என்ன நடக்குதுன்னு பார்க்கத்தான் வழியில்ல.

இப்ப பிரேம் கேள்வி முழுசா மாறிடுச்சு. வேகம் வேணாம், சுத்தி அடிக்கிறது வேணாம். 200 கிராமுக்குக் கீழ இருக்கணும், பத்து நிமிசமாவது நிக்கணும், கெமராவுக்கு முன்னால விசிறி தெரியக்கூடாது, செடிக்குள்ள விழுந்தா உடையக்கூடாது, உடைஞ்சா ஒரு கையை மட்டும் மாத்த முடியணும்.

முதல்ல மனசு போனது வளையம் வச்ச பிரேமுக்கு. சினிவூப்னு சொல்றாங்க. விசிறியைச் சுத்தி பிளாஸ்டிக் வளையம் இருக்கும், ஆள் மேல பட்டாலும் வெட்டாது. கல்யாண வீட்டுல வீடியோ எடுக்க அருமை. ஆனா எங்க ஊர்க் காத்துல அந்த நாலு வளையமும் நாலு பாய் மாதிரி காத்தைப் பிடிக்கும். எடையும் கூடும். வேணாம்.

அடுத்து மூணு அங்குலம். இதுல கனம் குறைஞ்ச பிரேம் எல்லாம் பெரும்பாலும் ஒரே தகடா வெட்டினது, நாலு கையும் நடுப்பகுதியும் சேர்ந்து ஒண்ணு. ஸ்க்ரூ குறைவு, எடை குறைவு, இறுக்கமாவும் இருக்கும். ஆனா ஒரு கை போனா முழுத் தகடும் போச்சு. கொழும்புல இருக்கிறவனுக்கு அது பரவாயில்ல. எனக்கு ஒரு தகடு வர மூணு நாலு வாரம். ஒக்டோபர், நவம்பர் மழைக்கு நடுவுல மூணு வாரம் தகடு இல்லாம இருந்தா, பிறகு எதுக்குக் கட்டணும்? அதனால எட்டு கிராம் கூடினாலும் பரவாயில்லன்னு கை தனித்தனியா கழட்டுற பிரேம்.

வடிவம் இன்னொரு சண்டை. சரியான எக்ஸ் வடிவம்னா நாலு மோட்டரும் ஒரே தூரம், பறக்கிறது சமனா இருக்கும், ஆனா முன் விசிறி ரெண்டும் படத்துக்குள்ள வந்து நிக்கும். டெட்கேட்னு ஒரு வடிவம் இருக்கு, முன் கை ரெண்டையும் அகல விரிச்சு வச்சிருக்கும், ரோட்டுல அடிபட்டுப் படுத்த பூனை மாதிரி. பேரே அதுதான், நான் வச்ச பேர் இல்ல. வேகமாத் திருப்பினா கொஞ்சம் சோம்பல் தெரியும். எனக்கு வேகம் வேணாம், படம்தான் வேணும். பூனையே போதும்.

கை தடிப்பு மூணு மி.மீ. அதுக்குக் கீழ போனா எடை குறையும், ஆனா கை நடுங்கும். நடுக்கம் கண்ணுக்குத் தெரியாது, போர்டுல இருக்கிற கைரோவுக்குத் தெரியும். அது காத்துன்னு நினைச்சு மோட்டரைத் திருத்தித் திருத்தி ஓட்டும், பறந்து இறங்கினா மோட்டர் தொட முடியாத சூடா இருக்கும். தகடு வாங்கினதும் ஓரத்தை உப்புத்தாளால தேய்ச்சு, சுப்பர் குளூ பூசினேன். தண்ணிக்குள்ள வச்சுத் தேய்க்கணும், கார்பன் தூசி நெஞ்சுக்கு ஆகாது.

பிறகு எடைக் கணக்கு. கொப்பியில எழுதி, பெட்டிக்கடை அண்ணன்கிட்ட நகைத் தராசு இரவல் வாங்கி ஒவ்வொண்ணா நிறுத்தேன். பிரேம் 30. மோட்டர் நாலும் 36. போர்டு 8. கெமராவும் படம் அனுப்புறதும் ஏரியலும் 12. ரிசீவர் 2. ஜி.பி.எஸ். 6. விசிறி 6. வயரும் ஸ்க்ரூவும் 10. பதிவு பண்ற குட்டிக் கெமரா 10. அச்சடிச்ச ரப்பர்த் துண்டுகள் 6. கூட்டினா 126. பெட்டரிக்கு மிச்சம் 74. நாலு செல் 650 பெட்டரி 70 கிராம். மொத்தம் 196. நாலு கிராம் மிச்சம் வச்சு நின்னப்போ ஏதோ பரீட்சை பாஸான மாதிரி இருந்துச்சு.

அந்த பிரேம் 5400 ரூபா. அந்த நேரம் அடிப்படை நாட்சம்பளம் 1350 ஆகியிருந்துச்சு. அம்மா நான் சொல்றதுக்கு முந்தியே சொன்னாங்க, "நாலு பேர்."

காத்துக்கு என்ன பண்ணேன்னா, ஒண்ணும் பண்ணல. 196 கிராம் சாமானைக் கச்சான் காத்துல விட எந்த பிரேமாலயும் முடியாது. ஜூன்ல இருந்து செப்டம்பர் வரைக்கும் விடுறதில்ல. ஒக்டோபர்ல காத்து அடங்கிடும், மழை பெரும்பாலும் மதியத்துக்கு மேல. விடிஞ்சதுல இருந்து எட்டரை மணி வரைக்கும் நேரம். அதுக்குப் பிறகு கீழ இருந்து மிஸ்ட் ஏறும், கண்ணாடிக்குள்ள வெள்ளையைத் தவிர ஒண்ணும் தெரியாது. கண்ணாடி போட்டவன் குருடன் மாதிரி, அதனால பக்கத்துல ஒருத்தன் வெறும் கண்ணால ட்ரோனைப் பார்த்துக்கிட்டே நிக்கணும். அவன்தான் நின்னான். முந்தின நாளே தோட்ட ஒபிஸ்ல சொல்லி வச்சோம், கொழுந்து எடுக்கிற அக்காமார்கிட்டயும் சொன்னோம். "எங்களை எடுத்தீங்கன்னா கூடையால அடிப்பேன்"னு ஒரு பெரியம்மா சொன்னாங்க. எடுக்கல.

முதல் பறப்பு ஏழு நிமிசம். இறங்கினதும் போன்ல வீடியோ போட்டுப் பார்த்தோம். பார்த்துக்கிட்டே இருந்தவன், "நிப்பாட்டு. கொஞ்சம் பின்னாடி போ"ன்னான்.

மேல டர்பன்டைன் மரங்கள் எல்லாம் ஒரே பக்கம் சாஞ்சிருக்கு. அவன் முகம் மாறிடுச்சு. ரெண்டு பேரும் பேசல. கத்தியை எடுத்துக்கிட்டு நடந்தே ஏறினோம், ஒண்ணரை மணித்தியாலம். கிட்டப் போய்ப் பார்த்தா மரம் அடியில நேராத்தான் நிக்குது, உச்சிதான் வளைஞ்சிருக்கு. அது காத்து வளைச்சது. மண் நகர்ந்தா அடிமரமே சாஞ்சு, பிறகு மேல நிமிர்ந்து வளரும். மேல இருந்து எடுத்த படத்துல அந்த வித்தியாசம் தெரியாது. அவன் அப்படியே ஒரு கல்லுல உட்கார்ந்துட்டான்.

ஆனா இறங்கி வரும்போது கானைக் கண்டோம். வீடியோவுல பச்சையா ஒரு கோடு தெரிஞ்சுச்சு, நான் புல்லுன்னு நினைச்சேன். ஒரு பெரிய கிளை விழுந்து, அதுல மண் அடைஞ்சு, முப்பது நாப்பது அடிக்குத் தண்ணி நிக்குது. அதுல புல் வளர்ந்து மூடியிருக்கு. தண்ணி கான்ல ஓடாம பக்கவாட்டுல கசிஞ்சு இறங்குது. நேரா கீழ எங்க லயம்.

மறுநாள் மறுபடி பறந்து அந்த இடத்தை மட்டும் மெதுவா எடுத்தோம். கிராம சேவகர்கிட்டயும் தோட்ட ஒபிஸ்லயும் காட்டினோம். வாயால சொன்ன வருசத்துல எல்லாம் "பார்க்கிறோம்"தான் கிடைச்சது. வீடியோவைப் பார்த்துட்டும் "பார்க்கிறோம்"னுதான் சொன்னாங்க, ஆனா இந்தத் தடவை "இன்னொரு தடவை போடு"ன்னு கேட்டாங்க. ஒரு வாரம் கழிச்சு அந்தக் கானுக்கு ஆறு பேர் போட்டாங்க.

இதை வச்சு ட்ரோன் இருந்தா மண்சரிவைத் தடுக்கலாம்னு யாரும் நினைக்கவேணாம். ஆபத்து வர்ற ராத்திரி மழை கொட்டும், அந்த மழையில இது அஞ்சு நிமிசம் தாங்காது. அந்த ராத்திரிக்கு வேண்டியது நேரான சுவர் இருக்கிற ஒரு போத்தலும் ஒரு அடிமட்டமும். 24 மணித்தியாலத்துல 75 மி.மீ. தாண்டினா கவனம், 100 தாண்டினா சாமானைக் கட்டு, 150 தாண்டினா வீட்டை விட்டுப் போ. இது தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் சொல்ற கணக்கு. போத்தல் எங்க இஸ்தோப்புக்கு வெளிய கம்புல கட்டியிருக்கு, தம்பிதான் அளக்கிறவன். செலவு அரைப் பேர்கூட இல்ல.

பிரேம் இப்ப வரைக்கும் ரெண்டு தடவை விழுந்திருக்கு. கொழுந்துச் செடி மேல விழுந்தா ஒண்ணும் ஆகாது, மெத்தை மாதிரி தாங்கும். கவ்வாத்து வெட்டின மலையில விழுந்தா குத்தூசி மேல விழுந்த மாதிரி. ரெண்டாவது அங்க விழுந்துச்சு. பின் கை ஒண்ணு முறிஞ்சது, ஒரு ஸ்பெயார் கை இருந்துச்சு, நாலு ஸ்க்ரூ கழட்டி அரை மணித்தியாலத்துல மாத்தினேன். அடுத்த ஸ்பெயார் கை வர இன்னும் ரெண்டு வாரமாகும்.

நேத்து ராத்திரி நல்ல மழை. போத்தல்ல 60 மி.மீ. காலையில தேத்தண்ணியைக் கொண்டுவந்து வச்சுட்டு அம்மா பெரட்டுக்குப் போக நின்னாங்க. கூடையைத் தலையில மாட்டிக்கிட்டே கேட்டாங்க:

"அந்தப் பூனையை மேல ஒருக்கா அனுப்பிப் பார்த்தியா?"